அந்தோணிக்காக ஒரு மன்றாட்டு

அயர்லாந்தின் இந்தக் கடலோர ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பூசை முடிந்து வந்து பார்த்தால், அங்கே கிடந்தது என் செருப்பு மட்டும்தான். மற்றவர்களெல்லாம் பூட்ஸோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். மோரா என்கிற வயதான அம்மா என் பாதங்களைக் கவலையோடு பார்த்து, "காலில் புண்ணா?" என்று கேட்டார். எங்கள் ஊர் வழக்கம் என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அடுத்த வாரம் கெட்டியான கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டு வந்து கொடுத்தார். இன்றும் அதைப் போட்டுக்கொண்டுதான் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறேன்.

இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். பூசை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முன்வரிசைகள் காலியாகக் கிடக்கும். பாம்பனுக்குப் பக்கத்தில் எங்கள் கோயிலில் தரையில் இடம் பிடிக்க முந்தியடிக்க வேண்டும். பாட்டுக்குழு மைக்கை விடாது, பிள்ளைகள் பீடம் வரை தவழ்ந்து போகும். ஆனால் இந்த அமைதியும் எனக்குப் பிடித்துப்போனது. எட்டு மணி நேரம் நின்ற கால்களோடு வந்து உட்கார்ந்தால், ஜெபம் தானாக வருகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, தம்பி அந்தோணியின் மனைவி சகாயராணி போன் செய்தாள்.

"மதினி, உங்க தம்பியப் புடிச்சுட்டுப் போயிட்டாக. படகோட கொண்டுபோயிட்டாக."

இலங்கைக் கடற்படை. எங்கள் கரையில் இது புதிதல்ல; எங்கள் வீட்டுக்குத்தான் புதிது. படகு கரையை விட்டதும் கோயில் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்துச் சிலுவை போடாமல் அந்தோணி எஞ்சினை முடுக்க மாட்டான். அன்றும் போட்டிருப்பான்.

ஞாயிறன்று பங்குச் சாமியாரிடம் சொன்னேன். மன்றாட்டு நேரத்தில் அவர், "சிறையில் இருக்கும் அந்தோணிக்காக மன்றாடுவோம்" என்றார். பூசை முடிந்ததும் மோரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லார் வீட்டிலும் ஒருவன் இப்படி இருப்பான், கண்ணே. குடிதான் காரணமா?" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "அவன் மீன் பிடிக்கப் போனவன்" என்றேன், கொஞ்சம் உரக்கவே.

பக்கத்தில் நின்றிருந்த பாட்ரிக் திரும்பினார். வாலிபத்தில் மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தவர்.

"எல்லையைத் தாண்டினானா?"

"தாண்டியிருப்பான். மீன் அந்தப் பக்கம்தான் இருக்கிறது."

"அந்தப் பக்கத்துக்காரர்கள் என்ன பிடிப்பார்கள்?"

எங்கள் படகுகள் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை, அவர்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போய்விடும் என்று மெதுவாகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மன்றாட்டை வாசித்தது பாட்ரிக். "மீனவர் அந்தோணிக்காகவும், அக்கரையில் வலை இழந்த மீனவர்களுக்காகவும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் தம்பிக்காகக் கேட்ட ஜெபத்தில் அவர்களை எதற்குச் சேர்த்தார்? ஆற்றாமையோடு சகாயராணியிடம் சொன்னேன்.

"சேக்கட்டும் மதினி. கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருநாளுக்குப் போனா அவுகளும் நம்மளும் பக்கத்துல பக்கத்துலதான முட்டி போடுறோம்? அங்கன உள்ளவுகளுக்கும் அந்தோணியாருதான்."

கணவன் சிறையில் இருக்கும்போது அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு நானும் அந்த மன்றாட்டை முழுதாகவே சொன்னேன்.

சில வாரங்களில் அந்தோணி வீடு திரும்பினான். படகு திரும்பவில்லை. இப்போது வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறான். "உசுரோட வந்துட்டேன்ல அக்கா, படகு பொறவு பாத்துக்கலாம்" என்கிறான். கோயிலில் சொன்னபோது மோரா பெஞ்சிலிருந்து எழுந்து கைதட்டினார். அந்தக் கோயிலில் நான் கேட்ட முதல் கைதட்டல் அதுதான்.

ஊர்த் திருவிழாவுக்கு லீவு போட்டுப் போனேன். பூசையில் சாமியார் பக்கத்தில் இருப்பவரோடு சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னதும், சகாயராணி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானோ அயர்லாந்துப் பழக்கத்தில் குலுக்குவதற்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன மதினி, பேங்க் மேனேசரு மாதிரி கை நீட்டுறீக?" என்று சிரித்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அயர்லாந்து திரும்பிய ஞாயிறு, பூசையில் அதே சமாதான நேரத்தில் பாட்ரிக் எனக்குக் கை நீட்டினார். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.