தேங்காய் நாரும் மூன்று கமாத்தும்

ஆஸ்பத்திரி வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், குருண் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எனக்கு ரிஜிஸ்டர் எழுதும் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை அப்போது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

1. தொட்டி

வார்டு முழுக்கக் காலில் புண் வந்தவர்கள். மருந்து அலமாரியோ காலி. ஒரு நாள் ஜப்பானிய மருத்துவ அதிகாரி, லங்காவித் தீவில் பிடித்த மூன்று கமாத்தைக் கொண்டுவந்து சிமெண்டுத் தொட்டியில் விட்டார். கமாத் என்றால் கடல் அட்டை. கறுத்துக் கொழுத்து, ஒரு சாண் நீளம் இருக்கும். மலாய் மீனவர்கள் அதைக் காய்ச்சிக் காயத்துக்குப் பூசுவார்கள். அதன் சொந்தக் காயம் எப்படி ஆறுகிறது என்று அவர் பார்க்க வேண்டுமாம். அவர் திரும்பி வந்து கத்தி வைக்கும்வரை நாங்கள் கடல்நீர் மாற்றி, தினமும் குறிப்பு எழுத வேண்டும்.

கிளம்பும்போது என்னையும், புண்ணுக்குக் கட்டுப் போட்டுத் தையல் போடும் எங்கள் டிரெசரையும் காட்டி, "சத்து மாத்தி, துவா ஓராங் சியாம்" என்று மலாயில் சொன்னார். ஒன்று செத்தாலும் இரண்டு பேருக்கும் சயாமில் ரயில் பாதை போடும் வேலை. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து அங்கே போன ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை.

2. நார்

மூன்றாம் நாள் பார்த்தேன், மூன்றும் வழவழவென்று அழுக்காக இருந்தன. ஆஸ்பத்திரியில் அழுக்கு ஆகாது என்று படித்தவள் அல்லவா! தேங்காய் நாரை எடுத்து ஒன்றை நன்றாகத் தேய்த்தேன். அது விறைத்தது. பிறகு பின்பக்கமாகக் குடல் முழுவதையும் என் கையில் கொட்டியது.

டிரெசர் ஓடி வந்தார். "ஐயையோ! என்னம்மா பண்ணினே?"

"தேய்ச்சேன் ஐயா."

"சட்டியா அது, தேய்க்கறதுக்கு?"

மிச்சமிருந்த கடைசித் தையல் நூலை எடுத்து, குடலை உள்ளே திணித்துத் தைக்கப் பார்த்தார். ஊசி ஏறியதும் விறைத்த தோல் கஞ்சிபோல இளகியது. நூல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. குடலும் கூடவே வந்தது.

"இருபது வருஷமா தைக்கிறேன். இப்படி அடங்காத நோயாளியப் பாத்ததில்ல லா!"

ஆஸ்பத்திரி கூட்டும் அஞ்சலை அக்கா எட்டிப் பார்த்தார். "இதுக்குப் பதிலா ஒரு கத்தரிக்காயச் சுட்டுத் தொட்டியில போடுங்க டிரெசரே. அதே மூஞ்சிதான்."

டிரெசர் நிஜமாகவே சுட்டுப் போட்டார். அது மிதந்தது.

"சரி, நலம்னு எழுதும்மா" என்றார். எனக்குக் கை வரவில்லை. நான் படித்தது பொய் எழுதவா? 'இன்று காலை நான் நாரால் தேய்த்தேன். குடல் வெளியே வந்தது. உயிர் இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

அந்தக் கமாத் சாகவில்லை. குடல் இல்லாமலே ஊர்ந்தது. வார்டில் கட்டுப் போட்ட புண்ணிலெல்லாம் சீழ் வைக்க, இதன் ஊசித் துளைகள் கட்டும் மருந்தும் இல்லாமல், சீழே வைக்காமல் மூடிக்கொண்டன. அதையும் நாள்தோறும் எழுதினேன்.

3. துலிஸ்

அதிகாரி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. "செமுவா பாகுஸ்" என்று டிரெசர் முந்திக்கொண்டார். எல்லாம் நலமாம். அதிகாரி ரிஜிஸ்டரை வாங்கிப் படித்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் விரலை வைத்துக் கத்தினார். மூன்றையும் தடவிப் பார்த்து, ஊசித் தழும்பு இருந்த கமாத்தை எடுத்துக் கீறினார். உள்ளே புதுக் குடல், நூல் மாதிரி மெலிதாக, முழுசாக வளர்ந்திருந்தது.

பிறகு இரண்டாவது கமாத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதே நாரால் தேய்க்கும்படி எனக்குச் சைகை காட்டினார்.

தேய்த்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் தேய்த்தேன்.

"அவசரத்துக்கு வராது லா" என்று டிரெசர் முனகினார்.

வந்தது. அதிகாரியின் பளபளத்த பூட்ஸ் மேல், மொத்தமாக.

டிரெசர் கண்ணை மூடிக்கொண்டார். அஞ்சலை அக்கா விளக்குமாற்றோடு கதவுக்குப் பின்னால் போய்விட்டார். அதிகாரி பூட்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"துலிஸ்!" என்று கத்தினார். எழுது!

எழுதினேன், 'பூட்ஸ் மேல்' என்பது உட்பட. எங்கள் இருவரையும் அவர் சயாமுக்கு அனுப்பவில்லை. அந்த நாரைத்தான் இடுக்கியால் எடுத்து, காகிதத்தில் சுற்றி, அலோர் ஸ்டாரில் இருந்த தன் மேலதிகாரிகளிடம் காட்டக் கொண்டுபோனார்.

தங்கைகளே, தவறு செய்தால் முதலில் நேரத்தைப் போட்டு ரிஜிஸ்டரில் எழுதுங்கள். கத்தரிக்காய் சுடுவதைப் பிறகு யோசிக்கலாம்.