முதல் சீட்டு பிள்ளையாருக்காம்

நீங்கள் திருடினீர்கள், தலைவரே. சாமி பெயரைச் சொல்லி, மேடையில் நின்று, எல்லோரும் கைதட்டத் திருடினீர்கள்.

நியூஜெர்ஸியில் நம் தமிழ்ச் சங்கம், தமிழ்ப் பள்ளிக்குப் புத்தகம் வாங்கத் தீபாவளி விழாவில் குலுக்கல் நடத்தியது. பரிசு, சென்னைக்குப் போய்வர ஒரு விமான டிக்கெட். இங்கே இஷ்டத்துக்குச் சீட்டு விற்க முடியாது. டவுன்ஷிப் நகராட்சி அலுவலகத்தில் உரிமம் வாங்க வேண்டும். என்ன பரிசு, எங்கே, எத்தனை மணிக்கு, எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் பரிசு யாருக்கு என்று ரிப்போர்ட்டும் கொடுக்க வேண்டும். லீவு போட்டு அலைந்து வாங்கியவன் நான். முதலில் எடுக்கும் சீட்டுக்கே பரிசு என்று எழுதி, பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவனும் நான்.

டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்து எண்ணைப் படித்தீர்கள்.

"ஐயோ, என்னுதுங்க!"

வீட்டிலேயே டேகேர் நடத்தும் ஆன்ட்டி. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் கையில் வளர்ந்தவர்கள். சென்னையில் இருக்கும் அம்மாவைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது அவருக்கு. மேடைக்கு ஓடிவந்தவரைத் தடுத்தீர்கள்.

"ஆன்ட்டி, வெயிட் வெயிட்! முதல் சீட்டு எப்பவும் பிள்ளையாருக்கு. அடுத்ததுதான் நமக்கு. பிள்ளையாருக்கு விசா பிரச்சன வேற இல்ல!"

கூட்டம் சிரித்தது. ஆன்ட்டியும் சிரித்துவைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அடுத்த சீட்டு உங்கள் சகலைக்கு விழுந்தது. எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அது தேவையும் இல்லை. முதல் சீட்டோடு குலுக்கல் முடிந்துவிட்டது.

மேடைக்கே வந்து கேட்டேன். "சார், அப்படி ஒரு ரூல் நம்ம அப்ளிகேஷன்ல இல்லயே?"

"எங்க ஊர்ல இப்படித்தான் சார். சாமி விஷயத்துல லா பாயிண்ட் பேசாதீங்க. ரிப்போர்ட்ல சைன் பண்ணுங்க, போதும்."

பண்ணவில்லை. உடனே வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கினீர்கள். "தனக்கு விழலன்னு காண்டு" என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். நான் சீட்டே வாங்கவில்லை, ஐயா.

நடந்ததை அப்படியே எழுதி டவுன்ஷிப்புக்கு அனுப்பிவிட்டேன். இனி சங்கத்துக்கு உரிமம் கிடைக்காமல் போனாலும் எனக்கு வருத்தமில்லை. உங்கள் பதவி போனால் இனிப்பு வாங்கிக் கொடுப்பேன். போன வாரம் உங்கள் சகலை மாம்பலத்தில் டிபன் சாப்பிடும் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். ஆன்ட்டி அதற்கு லைக் போட்டிருந்தார்.

அடுத்த பொதுக்குழுவில் ஆன்ட்டி இருப்பார், நானும் இருப்பேன். எழுந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: அவருக்குச் சேர வேண்டிய பயணத்தை எப்போது கொடுக்கப் போகிறீர்கள்?