அப்பா பதுளைக்குப் பெரட்டுக்குப் போனது

சாமி படம் தொங்குன எடத்துல வெறும் ஆணிதான் இருந்துச்சு. அப்பா அந்த ஆணியப் பாத்துக் கும்புட்டுட்டுத்தான் கெளம்புனாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல. அம்மா மொறைச்ச மொறைப்புல அடக்கிக்கிட்டேன்.

எனக்கு அப்ப ஒம்பது வயசு இருக்கும். பத்துன்னும் வைக்கலாம், எழுதி வச்சவங்க யாரு? நமுனுகுலப் பக்கம் எங்க தோட்டம். அப்பா கவ்வாத்து வெட்டுறவரு. கத்திய வீசுனா ஒரே வெட்டு, தேயிலைக் குச்சி ஒண்ணுகூட பொளக்காது. அந்தக் கத்திய அவரு தீட்டுற அழகு இருக்கே… அதச் சொன்னா பொழுது போயிரும், விடுங்க. அப்பேர்ப்பட்ட கையி சாராயத்துல விழுந்தப்புறம் தேத்தண்ணிக் கோப்பையக்கூட சிந்தாம புடிக்காது.

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாளு ட்ரங்குப் பெட்டிய எறக்குனாங்க. எங்க துணிமணி, சீப்பு, சாமி படம் எல்லாம் உள்ள போயிருச்சு. பூனாகலையில மாமா வீட்டுக்குப் போயிர்றதுன்னு முடிவு. எனக்கு ஒரே குசி. மாமா வீட்டுல ரேடியோ இருந்துச்சு.

தோட்டத்து மருந்துக்கார அய்யாதான் குறுக்க வந்தாரு.

"பதுளையில மாதா கோயிலுக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கும்மா. குடிய விட்டவங்க ஞாயித்துக்கெழம கூடுறாங்க. அனுப்பிப் பாரு."

"என்னா மருந்துங்க குடுப்பாங்க?"

"மருந்தெல்லாம் இல்ல. பேசுவாங்க."

"பேசுறதுக்கா பதுளைக்கு? இங்க நான் பேசாத பேச்சாங்க?"

அப்பிடிச் சொன்னாலும் அம்மா அப்பாகிட்ட வந்து ஒரே வார்த்தையா சொல்லிட்டாங்க. "இந்த ஒரு ஞாயித்துக்கெழம போயிட்டு வாங்க. வாசத்தோட வந்தீங்கன்னா நானும் புள்ளையும் இங்க இருக்க மாட்டோம்." எனக்குத் தனியா ஒரு உத்தரவு. "அப்பா கைய விடாத. சாராயத் தவறணைப் பக்கம் கால் நின்னுச்சுன்னா வயித்து வலின்னு கத்து."

பதுளை! ரெண்டு பஸ்ஸு! எனக்குச் சோறே எறங்கல. பசறையில பஸ் மாறி ஜன்னலோரம் ஒக்காந்தேன். எதுத்தாப்புல வர்ற லொறிக்கெல்லாம் கையாட்டிக்கிட்டே போனேன்.

பதுளையில எறங்கி நடந்தோம். சாராயத் தவறணை வந்துச்சு. அப்பா நடை கொறைஞ்சுச்சு. எங் கைக்குள்ள இருந்த அவரு கை வேர்த்துச்சு. நின்னே போயிட்டாரு.

"அய்யோ வயிறு! அப்பா, வயிறு!"

நான் போட்ட சத்தத்துல ஒரு சைக்கிள்காரரு விழத் தெரிஞ்சாரு. அப்பா என்னைய தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனாரு. "ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்டா?" நான் எட்டத் தெரிஞ்ச சிலுவையக் கை காட்டுனேன். கோயில் வாசல்ல எறக்கி விட்டாரு.

"இப்ப எப்பிடிடா இருக்கு?"

"போயிருச்சுப்பா."

அவரு தவறணைப் பக்கம் திரும்பிப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?"ன்னு கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவரு சிரிச்சு எத்தன நாளாச்சு!

உள்ள ஏழெட்டுப் பேரு வட்டமா நாற்காலியில இருந்தாங்க. ரயில் கார்டா இருந்த ஒரு பெரியவருதான் தலைவரு மாதிரி. ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் பேரச் சொல்லி, "நான் குடிகாரன்"னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க லயத்து வரிசை வீடுகள்ல அந்த வார்த்தையச் சொன்னா மண்டை ஒடையும். இங்க தானே சொல்லிக்கிறான், மத்தவங்க கை தட்டுறாங்க!

அப்பா முறை வந்துச்சு. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் விடியக்கால பெரட்டுதான். கங்காணி பேரக் கூப்புடணும், வேலைக்கு வந்த ஆளு பதில் குடுக்கணும். தோள் துண்ட இடுப்புல கட்டி, கையக் கட்டிக்கிட்டு, வெறைப்பா நின்னு ஒரு போடு போட்டாரு.

"வந்துட்டேங்க அய்யா! கவ்வாத்து! மூணாம் நம்பர் லயம்!"

எல்லாரும் முழிச்சாங்க. கார்டு பெரியவரு மெதுவா, "இங்க அய்யா யாரும் இல்ல தம்பி. ஒக்காந்தே சொல்லுங்க"ன்னாரு.

அப்பா ஒக்காரல. "இன்னைக்கிக் குடிக்கலங்க. தவறணை வாசல் வரைக்கும் வந்தேன். புள்ளைதான் இழுத்துக்கிட்டு வந்துச்சு"ன்னாரு.

எனக்கு ஒரே பயம், லேட்டா வந்தோமேன்னு. "அய்யா, எங்கப்பாவுக்கு அரப்பேரு போட்றாதீங்க!"ன்னேன். அரநாள் கூலியத்தான் தோட்டத்துல அப்பிடிச் சொல்லுவோம். வெளக்கிச் சொன்னதும் ரூமே சிரிச்சுச்சு. பெரியவரு எந்திரிச்சு, "இன்னைக்கி இவருக்கு முழுப்பேரு!"ன்னு சத்தமா சொன்னாரு. படபடன்னு கை தட்டுனாங்க. அப்பாவுக்குப் பதுளையில உத்தியோகம் கெடைச்சிருச்சுன்னு நான் குதிச்சேன்.

லயத்துக்கு வந்ததும் அம்மா கிட்ட வந்து மோந்து பாத்தாங்க. பெட்டியத் தொறந்து சீப்ப மட்டும் வெளிய எடுத்து வச்சாங்க.

"எங் கால்சட்டையும் எடுங்கம்மா."

"பொறுடா."

அடுத்த ஞாயித்துக்கெழம அப்பா பதுளைப் பெரட்டுக்குப் போயிட்டு வந்தாரு. ஒரு துண்டு வெளிய வந்துச்சு. அதுக்கடுத்த வாரம் ஒரு பாவாட. நடுவுல ஒரு வாரம் அப்பா வாசத்தோட வந்தாரு. அம்மா எல்லாத்தையும் திரும்ப உள்ள வச்சுட்டாங்க. மறுபடி சீப்புலருந்து ஆரம்பம். ஒரே நாள்ல எடுத்து வச்சா கையா தேஞ்சுரும், இப்பிடி ஒரு சோம்பேறி அம்மாவான்னு எனக்கு ஆத்திரமா வரும்.

கடைசியா சாமி படம் வெளிய வந்துச்சு. அப்பா அத ஆணியில மாட்டிட்டு, "இனி பெட்டியப் பரண்ல ஏத்திரவா?"ன்னு கேட்டாரு.

அம்மா படத்த நேராக்கிக்கிட்டே, "அடுத்த ஞாயித்துக்கெழம பாப்போம்"ன்னாங்க.

பாத்தீங்களா, அதுக்கும் சோம்பல்னு நெனச்சுக்கிட்டு நான் வெளையாடப் போயிட்டேன்.