யார் அந்த ஹாரி?

என் பக்கத்து வீட்டுக்காரர் செத்து நூறு வருடமாகிறது என்று மூன்று நாள் முழுசாக நம்பினேன். பட்டப்பகலிலும் நம்பினேன். நாற்பத்துநான்கு வயது மனிதன் நான், தினமும் கனடாவின் மில்லிக்கனிலிருந்து கார் ஓட்டி வேலைக்குப் போகிறவன்!

எல்லாம் ஒரு சின்னப் பெட்டியால் வந்தது. எங்கள் மகளின் பிறப்புப் பதிவுப் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' என்று ஒரு பெட்டி. பெயர் அபிராமி – அதில் சண்டையில்லை. கடைசிப் பெயருக்கு எங்கே போவது? நாம்தான் அப்பாவின் பெயரைச் சேர்த்துக்கொள்கிறவர்களாயிற்றே. கனடா வந்தபோது என் அப்பா கந்தையாவை அந்தப் பெட்டிக்குள் போட்டேன். அன்றிலிருந்து வங்கியில், பல் வைத்தியரிடம், எங்கேயும் நான் 'மிஸ்டர் கந்தையா'. இன்றைக்கும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன் – காலமான மனிதர் பின்னால் வந்து நிற்கிறாரோ என்று.

மகளுக்கு என் பெயர் சிவபாலனைப் போட்டால், வீட்டில் ஆளுக்கொரு கடைசிப் பெயர். கந்தையாவைப் போட்டால், நம் கணக்கில் அவள் எனக்குத் தங்கச்சி!

"உந்தப் பெட்டியை எப்ப நிரப்பப் போறியள்? பிள்ளை பேரில்லாமலே பள்ளிக்கூடம் போகப்போகுதோ?" என்றாள் மனைவி வசந்தி.

"யோசிக்கிறனப்பா."

யோசித்துக்கொண்டே கடைக்குப் போனேன். கார்த்திகை மாதம். நாலரைக்கே வெளிச்சம் போய்விடும். அன்று பனிமூட்டம் வேறு. கடைகளிருக்கும் பிளாசாவுக்குப் பின்னால் ஒரு பழைய கல்லறைத் தோட்டம். முருங்கைக்காய் வாங்கித் திரும்பும்போது, குறுக்கு வழி என்று அதற்குள்ளால் நடந்தேன்... புத்தி!

பாசி பிடித்த ஒரு கல். அதில்: தோமஸ் ஹாரிசன்.

பக்கத்து வீட்டுக் கிழவரின் பெயர். இறந்த வருடம் – போன நூற்றாண்டு.

என் யாழ்ப்பாணத்து மூளை கணக்குப் போட்டது. இவர் தோமஸ், அப்பா ஹாரிசன். அவரும் தோமஸ், அப்பா ஹாரிசன். எந்த அப்பன் இரண்டு பிள்ளைக்கு ஒரே பெயர் வைப்பான்? ஆகவே இருவரும்... முருங்கைக்காய்ப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

வீட்டு வாசலில் அவர் இலை கூட்டிக்கொண்டிருந்தார். தொப்பியில்லை, கையுறையில்லை. "சின்னவள் சுகமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் குளிரில் எல்லோருக்கும் வருவதுபோல் அவர் வாயிலிருந்து மூச்சுப் புகை வந்ததா? பார்க்க நான் நிற்கவில்லை.

மூன்று நாள் திரைச்சீலைகள் மூடிக் கிடந்தன. பிள்ளைக்குத் திருநீறு. எனக்கு இரண்டு மடங்கு.

"பேய் இலை கூட்டுமோ அப்பா?" என்றாள் வசந்தி.

"நீர் சிரியும். உவர் சாப்பிட்டு நீர் கண்டனீரோ?"

"நீங்கள் குளிச்சு நான் கண்டே மூண்டு நாள். அப்ப நீங்களும் பேயோ?"

நாலாம் நாள் அவளே போய் அவரிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கோட்டை மாட்டி, என்னைக் கல்லறைக்கு அழைத்துப் போனார்.

"இவர் என் பாட்டனின் அப்பா. எங்கள் வீட்டில் மூத்தவனுக்கெல்லாம் தோமஸ்தான்."

"அப்படியென்றால் ஹாரிசன் யார்?"

"ஹாரியின் 'சன்' – ஹாரியின் மகன். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நாங்களும் உங்களைப் போலத்தான். தலைமுறைக்குத் தலைமுறை அப்பாவின் பெயர் மாறும். பிறகு பதிவேடுகள் வந்தன. ஒரு ஹாரியோடு எல்லாம் உறைந்துவிட்டது."

"யார் அந்த ஹாரி?"

"யாருக்குத் தெரியும்?"

யோசித்துப் பாருங்கள். எத்தனையோ நூறு வருடத்துக்கு முன் செத்தவன். முகம் தெரியாது, தொழில் தெரியாது. ஆனாலும் பல் வைத்தியரிடம் அவன் மகன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்... ஒரு கிழவர் எழுந்து போகிறார்.

பக்கத்தில் புதுக் கல் ஒன்று. மேலே அவருடைய மனைவியின் பெயர். கீழே இன்னொரு தோமஸ் ஹாரிசன் – பிறந்த வருடம், ஒரு கோடு, அதன் பிறகு வழவழவென்று வெறும் கல்.

"இதுதான் நான்" என்றார், பனி ஈரத்தைக் கையால் துடைத்தபடி. "பிள்ளைகள் இல்லை. ஹாரி இத்தோடு நின்றுவிடுவான்."

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படிவத்தை எடுத்தேன். பெட்டிக்குள் கந்தையா என்று எழுதினேன்.

"அப்ப இவள் உங்களுக்குத் தங்கச்சியோ?" என்றாள் வசந்தி.

"இருக்கட்டுமப்பா."

போன கிழமை பிறப்புப் பத்திரம் தபாலில் வந்தது. வேலிக்கு மேலால் அதை வாங்கிப் பார்த்த ஹாரிசன், என் தோளிலிருந்த பிள்ளையிடம் "குட் மோர்னிங், மிஸ் கந்தையா!" என்றார்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது.