இரண்டாம் பக்கத்தில் என் பேர்

புத்தக அட்டை செய்கிற வேலையில், கொம்பியூட்டரோடு கழிகிற நேரத்தைவிட எழுதியவரோடு சண்டை பிடிக்கிற நேரம்தான் கூட. கல்யாணக் காட், பில் புத்தகம், பெனர் என்று எங்காவது ஒரு சின்ன அச்சுக் கடையில் குந்தியிருக்கிற என்னைப் போன்ற பாவப்பட்டவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை இரண்டு தரம் கோட்டைவிட்டவள். மூன்றாம் தரம் எழுதச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். பாலாவிச் சந்தியில் ரிஸ்வான் நானாவின் அச்சுக் கடையில் சேர்ந்தேன்; நானா என்றால் எங்களில் அண்ணன். எங்கள் பக்கத்தில் எழுதுகிற ஆட்கள் நிறைய. தாங்களே எழுதி, தாங்களே அச்சடித்து, தாங்களே விழா வைத்து, கடைசியில் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் புத்தகங்களுக்கு அட்டை செய்வது என் வேலை.

எனக்கு ஒரே ஒரு சட்டம். அட்டையை அச்சடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவேன். எழுதியவரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டோ நிற்கிற இடத்துக்குக் கூட்டிப் போவேன். சீமெந்து லொறி போய் முடிந்ததும் தலைப்பை வாசிக்கச் சொல்வேன். வாசித்தால் சரி. இல்லாவிட்டால் முதலில் இருந்து.

எனக்கு ஓர் ஆசையும் இருந்தது. புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் விபரம் போடுவார்கள்: எழுதியவர், முதற் பதிப்பு, அட்டை வடிவமைப்பு. அந்தக் கடைசி வரியில் எப்போதும் கடையின் பேர்தான் போகும். ஒரு தரமாவது அங்கே என் பேர் வரவேண்டும். என்னோடு படித்த பிள்ளைகள் கொழும்பு பஸ்ஸில் எங்கள் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இந்த ஆசை கொஞ்சம் கூடும்.

முருங்கை

முதல் வந்தவர் ஓய்வுபெற்ற அதிபர். தொண்ணூறில் எங்கள் ஆட்களை வடக்கில் இருந்து துரத்தியபோது மன்னாரில் இருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். கவிதைப் புத்தகம். அட்டையில் என்னென்ன வேண்டும் என்று கொப்பித் தாளில் இலக்கம் போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஊர்ப் பள்ளிவாசல், அதன் ஒற்றை மினாரா, வீட்டுக் கிணறு, கிணற்றடி முருங்கை, மூன்று பனை, கரையில் இழுத்துவைத்த தோணி. ஒன்றுக்கும் படம் இல்லை. அவர் சொல்லச் சொல்ல நான் கீறவேண்டும். முருங்கை கிணற்றுக்கு வலப் பக்கமா இடப் பக்கமா என்று அவரே மூன்று தரம் மாற்றினார். பிறகு பக்கத்தில் ஆட்கள் குந்துகிற கதிரையைக் கிணறு என்று வைத்துக்கொண்டு, வாளியோடு வீட்டில் இருந்து வருகிற மாதிரி நடந்து பார்த்து, வலப் பக்கம்தான் என்றார்.

எல்லாம் கீறி முடிய, தலைப்புக்கு மிஞ்சியது பனைக்கும் மினாராவுக்கும் நடுவில் விரலளவு வானம். அவரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். மூன்று லொறி போனது. சொந்தத் தலைப்பை அவருக்கே வாசிக்க ஏலவில்லை. தோணியை எடுப்போம் சேர், முருங்கையை எடுப்போம், இடம் வரும் என்றேன். அவர் கடைக் கண்ணாடியையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"தலைப்பு தெரியாட்டிப் பரவால்ல மகள். முருங்கையில கை வெக்காதீங்க."

வெள்ளையில் வெள்ளை

முருங்கையோடு அப்படியே அச்சுக்குப் போன அந்த அட்டையில் என் பேர் வராமல் போனதில் எனக்குக் கவலை இல்லை. அடுத்ததில்தான் ஆசை வந்தது. காதர் நானா உப்பளத்தில் வேலை. உப்பு வாருகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் போனில் நாலு வரி, எட்டு வரி என்று எழுதிக்கொண்டிருப்பார். அட்டைக்கு அவரே எடுத்த படம் கொண்டு வந்தார். உச்சி வெயிலில் ஓர் உப்புக் குவியல். அதற்கு மேல் தலைப்பு வெள்ளை எழுத்தில் வேண்டுமாம். உப்பு வெள்ளைதானே என்கிறார். கறுப்பில் போடுவோம் என்றேன். கறுப்பைத் தவிர என்னவும் போடு என்றார். வேறு நிறம் காட்டினால் அதுவும் பிடிக்கவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனேன். ஆள் தடங்காமல் வாசித்துவிட்டார். எழுதினவருக்குத் தலைப்பு மனப்பாடம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓட்டோக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். வெறும் தாளை எதற்கு ஒட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அவர் எங்களையே திருப்பிக் கேட்டார்.

மழைக் காலத்தில் உப்பை என்ன செய்வீர்கள் என்று விசாரித்தேன். தென்னோலைக் கிடுகு போட்டு மூடுவோம் என்றார். அந்தப் படத்தை எடுத்து வரச் சொன்னேன். பழுத்த கிடுகின் மண்ணிறத்தில் வெள்ளை எழுத்து அப்படியே ஏறி நின்றது. அதே ஓட்டோக்காரர் சீற்றில் இருந்தபடியே வாசித்தார். புத்தகத்தை எடுக்க வந்த அன்றைக்குத்தான், கறுப்பு ஏன் வேண்டாம் என்றதை காதர் நானா சொன்னார்.

"உப்புல கறுப்பா ஒரு பொட்டுத் தெரிஞ்சாலும் முதலாளி எங்களத்தான் ஏசுவார் தங்கச்சி. என்ட புத்தகத்திலயும் நான் ஏச்சுக் கேக்கணுமா?"

கடையின் பேர்

கிடுகு அட்டை நான் செய்ததிலேயே நல்லது. அதன் இரண்டாம் பக்கத்திலும் கடையின் பேர்தான் இருந்தது. ரிஸ்வான் நானா பொல்லாத மனுசன் இல்லை. பின்னேரம் எல்லாருக்கும் ரொட்டி வாங்கித் தருவார், பிழை விட்டால் ஆட்களுக்கு முன்னால் ஏசமாட்டார். அதனால் நேரே கேட்டேன். அட்டை நான் செய்தது, கடை செய்ததில்லை, என் பேரைப் போட்டால் என்ன என்றேன். அவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டு யோசித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"கடைட பேர் போனா நாலு பேர் தேடி வருவாங்க ஸஹ்லா. உன்ட பேர் போனா ஆர் தேடி வரப்போறாங்க?"

வலை

அந்தக் கேள்விக்கு மறுமொழியாக அடுத்த அட்டையில் என் கெட்டித்தனம் முழுவதையும் கொட்டினேன். கற்பிட்டிப் பெடியன் ஒருவர் கடல் தொழிலைப் பற்றிக் கதைகள் எழுதியிருந்தார். நான் இருட்டுக் கடல் போட்டேன். எழுத்துக்குத் தங்க நிறம், அதற்கு நிழல், நிழலுக்கு ஒளி. பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மீன்வலையை விரித்தேன். கொம்பியூட்டரில் பார்க்க அப்படி ஒரு வடிவு. இதைப் பார்க்கிற எவரும், செய்தது ஆர் என்று கேட்காமல் போகமாட்டார்கள் என்று நினைத்தேன். எழுதியவர் அவசரத்தில் இருந்தார், போனிலேயே பார்த்துச் சரி என்றார். என் சொந்தச் சட்டத்தை நானே விட்டேன். கண்ணாடியில் ஒட்டவில்லை.

மெஷின் பார்க்கிறவர் சுனில் அண்ணன். சிலாபத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார், எழுத்துத் தெரியாது. தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் நங்கி என்பார். முதல் தாள் வெளியில் வந்ததும் மெஷினை நிற்பாட்டிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். தாளில் தங்கம் மண்ணிறமாகி, ஒளி கறையாகி, தலைப்பு வலைக் கண்ணுக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது. அவர் தாளை என் மேசையில் வைத்து இரண்டு பக்கமும் நீவிவிட்டார்.

"எனக்குத் தமிழ் வாசிக்க ஏலாது நங்கி. ஆனா இத உங்களுக்கும் வாசிக்க ஏலாதே."

பெரிய எழுத்தில் ஊர்

மர்ளியா தாத்தா கரைத்தீவில் தையல் தைக்கிறவர். தாத்தா என்றால் எங்கள் ஆட்களில் அக்கா. சட்டைக்கு அளவு எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்தில் இருந்து எழுதத் தொடங்கி, அளவும் கதையும் நடுவில் சந்தித்த பிறகு புதுக் கொப்பி வாங்கியவர். அட்டைக்குப் படமே வேண்டாம் என்றார். எனக்குக் கட்டிப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. கடும் நீலத் துணி, அதில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். சண்டை அவருடைய பேரில் வந்தது. எங்களில் எழுதுகிறவர்கள் பேருக்கு முன்னால் ஊரைப் போடுவார்கள். இவர் முசலி மர்ளியா; முசலி மன்னார்ப் பக்கம். பேரைவிட முசலி பெரிதாக வேண்டுமாம். இன்னும் பெரிது, இன்னும் பெரிது என்று அது தலைப்பின் அளவுக்கு வந்துவிட்டது. இனிப் பெருப்பித்தால் ஊர்தான் தலைப்பு என்று சனம் நினைக்கும் என்றேன். அது மட்டுமா, வாய் சும்மா கிடக்காமல் இன்னொன்றையும் கேட்டேன். நீங்கள் பிறந்ததே இங்கே அகதி முகாமில்தானே, அந்த ஊரில் ஒரு நாள்கூடக் குடியிருக்காத உங்களுக்கு எதற்கு இவ்வளவு பெரிய முசலி? மர்ளியா தாத்தா கோபிக்கவில்லை. அளவெடுக்கிற இஞ்சி டேப்பை எடுத்து ஸ்கிரீனில் முசலியை அளந்து பார்த்துக்கொண்டே, இங்கே தன்னைத் தெரியாதவர் ஆர் இருக்கிறார்கள், ஊரைத்தான் ஒருத்தருக்கும் தெரியாது என்றார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் முதல் தரத்திலேயே சரி வந்தது. திரும்பி வந்தவர், இரண்டாம் பக்கத்தைக் காட்டச் சொன்னார். அட்டை வரியில் கடையின் பேரைக் கண்டதும், இந்தக் கடையா தன்னோடு இரண்டு கிழமை சண்டை பிடித்தது என்று ரிஸ்வான் நானாவைக் கேட்டார். பிள்ளையின் பேர் வராவிட்டால் புத்தகம் இங்கேயே கிடக்கட்டும் என்றார். ரிஸ்வான் நானா என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். சரி, அடி என்றார். மூன்றே எழுத்தை இரண்டு தரம் பிழையாக அடித்தேன். மர்ளியா தாத்தா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"வெறும் ஸஹ்லாவா? ஊருக்குள்ள எத்தின ஸஹ்லா. ஊரப் போடு புள்ள."

ஊர்

நான் அடித்தது பாலாவி ஸஹ்லா என்று. அதுதான் உண்மை. வீடு கரைத்தீவில், நாள் முழுக்க இருப்பது பாலாவியில். உம்மாவின் ஊர் முசலிப் பக்கத்துச் சிலாவத்துறை. தொண்ணூறில், ஆறாம் வகுப்பில் படிக்கும்போது அங்கிருந்து வந்தவ. நான் ஒரே ஒரு தரம் போயிருக்கிறேன். ஒரு சுவர், அதைச் சுற்றிப் பற்றை, போனில் சிக்னல் இல்லை. இதுதான் எங்கட குசினி என்று உம்மா பற்றைக்குள் ஓர் இடத்தில் போய் நின்றா. வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு எப்போது பஸ் வரும் என்றிருந்தது. அந்த ஊரை என் பேருக்கு முன்னால் போட எனக்கு என்ன உரிமை?

பாலாவி ஸஹ்லாவைப் போனில் படம் எடுத்துக்கொண்டுபோய் உம்மாவிடம் காட்டினேன். றால் உரித்துக்கொண்டிருந்தா. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தா. வடிவாக இருக்கிறது என்றா, உன் பேர் உன் விருப்பம் என்றா, திரும்ப றாலை எடுத்தா. சிலாவத்துறையைப் போடு என்று கேட்டிருந்தால் நான் போட்டிருக்கமாட்டேன். என் குணம் அப்படி. கேட்கவே இல்லை. அடுத்த நாள் விடியக் கடைக்குப் போய், சுனில் அண்ணன் மெஷினைப் போட முன்னம் மாற்றினேன்.

புத்தகம் வந்த அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவிடம் ஒன்றைக் கொடுத்தேன். அட்டையைப் பார்க்காமல் இரண்டாம் பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். உள்ளதிலேயே சின்ன எழுத்து. கை கழுவி, துடைத்து, விரலை வைத்து வாசித்தா. சிலாவத்துறை என்றா. மிச்சத்தையும் வாசிப்பா என்று காத்துக்கொண்டு நின்றேன். விரல் அதைத் தாண்டவே இல்லை. வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினா, அவரும் அந்த இடத்தில்தான் நின்றார். பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போனா. அங்கேயும் அதே கதை. திரும்பி வந்து, இதை அடித்தது நீயா, கடையில் வேறு ஆட்களா என்று கேட்டா. நான்தான் என்றேன். புத்தகத்தை மூடாமலே வைத்திருந்தா.

"நீ இந்தப் பேர எழுதி நான் இண்டைக்குத்தான் காண்றன்."

ஆக, இவ்வளவு சண்டை பிடித்து அச்சில் ஏற்றிய ஸஹ்லா என்ற பேரை இன்றுவரை வாசித்து முடித்தவள் நான் ஒருத்திதான். மற்ற எல்லாரும் அதற்கு முந்திய சொல்லிலேயே இறங்கிவிடுகிறார்கள்.