வாத்துகளுக்கு வைத்த சல்யூட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு, காத்துக் கருப்பு எதிலும் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டுச் சுடுகாட்டுப் பாதையில் சைக்கிளில் தனியாகப் பாடிக்கொண்டு வந்தவன் நான், என் பாட்டைக் கேட்டுப் பேய்தான் ஓடியிருக்கும் என்று என் மனைவி சொல்வாள். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் படம் என் வீட்டுக் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது புதுக்கோட்டை தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் ஊருக்கு அந்த மிடுக்கு மட்டும் போகவில்லை. நூல் பிடித்த மாதிரி நேரான வீதிகள், அந்த வீதிகளில் நடக்கிற கோணங்கித்தனங்கள்தான் எனக்குப் பிடிக்கும். ஒரு பெட்டிக் கேமரா வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து என்று யார் கூப்பிட்டாலும் போக மாட்டேன். தபால் பெட்டி மேல் ஏறி நின்று வேப்பிலை தின்னும் ஆடு, பஸ் கூரையில் ஏற்றிய கட்டிலில் காலை நீட்டிப் படுத்தபடி அறந்தாங்கிக்குப் போகும் பெரியவர், இவற்றைத்தான் எடுப்பேன். மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள்கூட அந்தப் படங்களைப் பார்த்து, இதெல்லாம் எந்த ஊர் என்று கேட்பார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இந்த ஊர்தான் என்பேன்.

அந்த வருஷம் ஊரில் பொருட்காட்சி போட்டார்கள். அதில் ஒரு படப் போட்டி, ஊரில் கண்ட வேடிக்கை என்பது தலைப்பு. ஜெயித்த படத்தைப் பெரிதாக்கி வாசலிலேயே மாட்டி, எடுத்தவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுவார்கள் என்றார்கள். பரிசு கிடக்கட்டும், அந்தப் பெயர்தான் எனக்கு வேண்டும். அதுவரை என் பெயரை ஆபீஸ் மெமோவில்தான் பார்த்திருக்கிறேன்.

கீழ ராஜ வீதியில் ஒரு மாடியில் சம்சுதீன் பாய் தையல் கடை வைத்திருந்தார். தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க ஒருநாள் காலையில் போனேன். வெள்ளைச் சட்டை, ஆனால் பாக்கெட் மட்டும் நீலக்கோடு போட்ட துணியில் இருந்தது.

"துணி பத்தலைங்க. பாக்கெட்ட மட்டும் வேற துணியில வச்சுட்டேன். போட்டுப் பாருங்க, இதுவும் ஒரு பேஷன்தான்" என்றார் பாய்.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும்போதே வீதியில் ஒரே இரைச்சல். கேமராவோடு மாடி விளிம்புக்கு ஓடினேன். வாத்து மேய்ப்பவர் ஒருவர் ஒரு பெரிய கூட்டத்தைப் புதுக்குளத்துப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறார், வீதி முழுக்க வாத்து. நடுவில் போக்குவரத்து கான்ஸ்டபிள் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து எதிரே ஓர் அதிகாரியின் ஜீப் வந்து நின்றது, கான்ஸ்டபிள் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். ஜீப் என் கேமராவின் கட்டத்துக்கு வெளியே இருந்தது. கட்டத்துக்குள் பார்த்தால் ஒரு போலீஸ்காரர் வாத்துகளுக்கு சல்யூட் அடிக்கிறார். வாத்துகள் எல்லாம் முன்னால் போக, கடைசியில் ஒரு நொண்டி வாத்து மட்டும் அவசரமே இல்லாமல் நடந்து வருகிறது, சர்க்காரே அதற்காகக் காத்து நிற்கிறது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டியை நெஞ்சோடு வைத்துக் குனிந்து கட்டத்தைச் சரிபார்ப்பேன், பிறகு தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்து விசையை அமுக்குவேன். அன்றும் அப்படித்தான் செய்தேன். கைப்பிடிச் சுவருக்கு மேல் பாதி உடம்பு வெளியே இருந்ததால் பாய் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"விழுந்துறாதீங்க, புதுச் சட்டை கிழிஞ்சுரும்" என்றார். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

ஸ்டூடியோ வைத்திருந்த அருளப்பன்தான் படத்தைக் கழுவினார், போட்டிக் கமிட்டியிலும் அவர் இருந்தார். சில நாள் கழித்து ஆள் விட்டு என்னை அழைத்தார். பெரிதாக்கிய படம் மேஜை மேல் இருந்தது. என் கையால் எடுத்ததா என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

"முதல் பரிசு இதுக்குத்தாங்க, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். இத யார் எடுத்தது?" என்றார்.

"நான்தாங்க."

"அப்ப இது யாரு?"

பூதக்கண்ணாடியை நீட்டினார். படத்தின் வலது ஓரத்தில், சோடாக் கடைக்கு முன்னால், நொண்டி வாத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது நான். என் முகம், என் முன்வழுக்கை, வெள்ளைச் சட்டை, நீலக்கோடு பாக்கெட். பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், அதே நான்தான்.

பாயை அழைத்துவந்து காட்டினோம். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பாக்கெட் நான் வச்சதுதான். ஊருல இது மாதிரி இன்னொண்ணு கெடையாது. ஆனா இவரு சட்டைய நான் மாடியில பிடிச்சுக்கிட்டுல்ல நின்னேன்" என்றார். பிறகு என் பக்கமே திரும்பாமல் கடைக்குப் போய்விட்டார்.

கண்ணாடியில் விழுந்த பிம்பம் என்பீர்கள். கண்ணாடியில் என்றால் பாக்கெட் வலப்பக்கம் தெரிய வேண்டும், படத்தில் அது இடப்பக்கமே இருக்கிறது. ஒரே பிலிமில் இரண்டு படம் விழுந்திருக்கும் என்பீர்கள். அப்படியென்றால் பின்னால் இருக்கிற சோடாக் கடை என் வழியாக மங்கலாகவாவது தெரிய வேண்டாமா? மற்றவர்கள் நிழல் விழுந்த பக்கமே படத்தில் நிற்கிற அவன் நிழலும் கனமாக விழுந்திருக்கிறது. அருளப்பன் எல்லா விதத்திலும் சோதித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

கமிட்டியில் ஒரு யோசனை சொன்னார்கள். படத்துக்குள் இருக்கிற ஆள்தான் படத்தை எடுத்தான் என்று எழுதினால் ஊர் சிரிக்கும், அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டால் என் பெயரைப் போட்டுவிடலாம் என்றார்கள். ஓரத்தை வெட்டினால் நொண்டி வாத்தும் போய்விடும். அது போனால் அது என் படமே இல்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை, அந்தப் பெயருக்காக எவ்வளவு ஏங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும். காலையில் போய், வெட்டக் கூடாது, பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்கு இன்றுவரை வருந்தியதில்லை.

பெயரில்லாமலே மாட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, ராட்டினத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. அந்தக் கான்ஸ்டபிளே குடும்பத்தோடு வந்து பார்த்தார். கோபப்படுவாரோ என்று ஒதுங்கி நின்றேன். அவரோ மனைவியிடம், "சல்யூட்டு எவ்வளவு வெறப்பா இருக்கு பாத்தியா" என்று பெருமையாகக் காட்டினார். பிறகு படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதான இது? அங்கிட்டுத்தான நின்னிருக்கீங்க, எடுத்தவர பாத்திருப்பீங்களே. யாருங்க அவரு?"

"மேல மாடியில இருந்தாருங்க. பின்னால ஒரு டெய்லர் அவரு சட்டைய பிடிச்சுக்கிட்டு நின்னாரு" என்றேன். வேறு என்ன சொல்ல?

படம் பிறகு என் வீட்டுக்கு வந்துவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் வாத்தைக் காட்டுவேன், சல்யூட்டைக் காட்டுவேன், அந்த ஓரத்தைக் கேட்டவர்களுக்கு மட்டும் காட்டுவேன். ஒருநாள் சொந்தமாக ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வீதியில் எல்லோரும் வாத்தைப் பார்க்கிறார்கள், அவன் மட்டும் வாத்தைப் பார்க்கவில்லை. அவன் நெஞ்சோடு ஒரு பெட்டிக் கேமரா இருக்கிறது, முகத்தையும் பாக்கெட்டையுமே பார்த்த எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதை மாடிப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருக்கிறான். குனிந்து கட்டத்தைச் சரிபார்த்து முடித்துவிட்டான், தலை நிமிர்ந்து என்னை நேராகப் பார்க்கிறான், கட்டைவிரல் விசை மேல் இருக்கிறது. தலை நிமிர்ந்துவிட்டால் அடுத்த நொடி நான் அமுக்காமல் இருந்ததே இல்லை.

அப்படியானால் அவனும் எடுத்திருக்கிறான். எங்கேயோ ஒரு ஸ்டூடியோவில் அந்தப் பிலிமையும் கழுவியிருப்பார்கள். அதில் ஒரு மாடி இருக்கும், கேமராவோடு நான் இருப்பேன், பின்னால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பாய் இருப்பார். அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. பயமாக இல்லையா என்று கேட்டால், சில ராத்திரி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பயத்தைவிட என்னை அரிக்கிறது வேறொன்று. அவன் எடுத்த படத்தின் கீழே பெயர் போட்டார்களா, போட்டிருந்தால் யார் பெயரைப் போட்டார்கள் என்பதுதான்.