பிற்சேர்க்கைக்குப் போன கூரை

1. கட்டிலுக்கு அடியில்

கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் தேசிய விதிகளை நம் மாநிலத்துக்குத் தக்கபடி மாற்றி எழுத ஒரு குழு போட்டார்கள். பொதுப்பணித் துறையில் மின் பொறியாளராக இருந்த என்னையும் அதில் சேர்த்தார்கள். முதல் வேலையாக, கட்டடங்களை நேரில் பார்க்க அரியலூர்ப் பக்கம் அனுப்பினார்கள். நல்ல மே மாதம்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத்தில் ஓர் அரசு மருத்துவமனை. பிரசவ வார்டில் காற்றோட்டத்துக்கென்று பெரிய பெரிய சன்னல்கள் வைத்திருந்தார்கள். அத்தனையும் மூடிக் கிடந்தன. மேலே வெறும் கான்கிரீட். திருமானூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், பிறந்து மூன்று நாளான குழந்தையோடு கட்டிலுக்கு அடியில் தரையில் படுத்திருந்தாள். கட்டிலில் கூரைச் சூடு நேராக இறங்குகிறதாம்.

வார்டு நர்ஸ் தமிழரசி சலித்துக்கொண்டார். “சன்னலத் தொறந்தா புழுதி, மூடுனா வேக்காடு. நீங்களே சொல்லுங்க மேடம், என்னா பண்றது?”

2. சென்னைக் கூட்டம்

ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நோயாளிகள் படுக்கும் எல்லா அரசுக் கட்டடத்துக்கும் வெப்பத் தடுப்புக் கூரை கட்டாயம் என்று ஒரு பத்தி எழுதிக்கொண்டு போனேன்.

தலைவர் நல்ல மனிதர். பொறுமையாகப் படித்துவிட்டுத்தான் கேட்டார். “அந்த வார்டுல ஃபேனைத் தவிர என்னம்மா ஓடுது? கரண்டே எடுக்காத கட்டடத்துல எதை மிச்சம் பிடிக்கிறது?”

நானும் விடவில்லை. மதியம்வரை மல்லுக்கட்டினேன். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை வரும் பத்தியை வெட்டவும் மாட்டார்கள், வைக்கவும் மாட்டார்கள். ‘செய்தால் நல்லது’ என்று பிற்சேர்க்கையில் போட்டுவிடுவார்கள். என் கூரையும் அங்கே போய்ச் சேர்ந்தது. டெண்டர் போடுகிற எந்தப் பொறியாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்? கட்டாயமில்லாததற்கு ஏன் செலவு செய்தாய் என்று ஆடிட்டில் கேட்பார்களே.

3. புது பிளாக்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில் அதே மருத்துவமனையில் புது பிளாக் கட்டி முடித்தார்கள். முழுக்க ஏசி என்பதால் நம் விதிகள் அதற்குப் பொருந்தின. ஆய்வுக்கு நானே போனேன். கூரைக்கு வெப்பத் தடுப்பு, அதன்மேல் வெள்ளை ஓடு, சன்னலுக்கு நல்ல கண்ணாடி. ஒரு குறை சொல்ல முடியாது. உள்ளே நுழைந்ததும் எனக்கே பெருமையாக இருந்தது.

ஸ்கேன் அறை, கம்ப்யூட்டர் அறை, ஆபீஸ் என்று சுற்றிவந்தேன். தாய்மார்களைக் காணோம். கூட வந்த தமிழரசியிடம் கேட்டேன்.

“அவங்க பழைய வார்டுலதான் மேடம். இது மிஷினுக்காகக் கட்டுனது. மிஷினுக்குச் சூடு ஆகாதாம்.”

அவர் குத்திக்காட்டவில்லை, விவரம்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கட்டடம் விதிப்படி சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன எழுத முடியும்?

இனி இந்தக் குழுக்களில் உட்காரப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பத்தியை வெட்டினால் கவலைப்படாதீர்கள். வெட்டியதற்காகச் சண்டை போட நாளைக்கு யாராவது வருவார்கள். பிற்சேர்க்கையில் போட்டால் எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வார்டுக்கு இன்னும் வெறும் கான்கிரீட்தான்.